செங்கலுக்குக் கோடித்துணி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எங்கள் முன்னோர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதற்கு அடுத்தபடியாக யூத இனத்தின் வரலாற்றிலேயே ஆகப் பெரிய புறப்பாடு, வரும் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பகுதியான வில்யா கிரெஸ்போவில், பள்ளி வாசலிலிருந்து வாடகை பஸ்களில் நடைபெறும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

அறிவித்தவர் பள்ளியின் தலைமையாசிரியை நோரா பெலின்சன். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓய்வுநாளை வரவேற்க மொத்தப் பள்ளியும் கூடத்தில் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, பின்னல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். பிள்ளைகளின் வாயில் ரொட்டி, பெற்றோர் கையில் கைபேசி, நோராவின் கையில் மைக். இந்த மூன்றையும் யாரும் யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது.

"குடும்பங்களே! இந்த வருஷம் ஏழாம் வகுப்போட சமூகத் திட்டம் சாதாரணமானது இல்ல. நம்ம எல்லாரையும் மாத்தப் போற திட்டம்!"

போன வருடத் திட்டமும் எங்களை மாற்றப் போவதாகத்தான் இருந்தது. அது பிளாஸ்டிக் மூடி சேகரிப்பு. மூடிகள் இன்னும் மாடிப்படிக்கு அடியில் சாக்குகளில் கிடக்கின்றன. நாங்களும் அப்படியேதான் இருக்கிறோம்.

இந்த வருடத் திட்டம் கெனிசா. கடவுளின் பெயர் அச்சான தாளை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. கிழிந்த ஜெபப் புத்தகம், அட்டை போன வேதம் எதுவானாலும், மனிதரை அடக்கம் செய்வதுபோலவே கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி அடக்கம் செய்வோம். அந்த அடக்கத்துக்குத்தான் கெனிசா என்று பெயர். குழிக்கு நேரம் வரும்வரை அவை ஒவ்வொரு வீட்டிலும் அலமாரிக்கு மேலே ஒரு பையில் தூசி குடித்துக்கொண்டு கிடக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இவற்றையெல்லாம் திரட்டி, பிரித்து, எது எந்த நூல் என்று கற்றுக்கொண்டு, முறைப்படி புதைக்க வேண்டும். யோசனை, ஏழாம் வகுப்பு ஆசிரியை சில்வினா மிஸ்ராஹியுடையது. உருப்படியான யோசனை என்பதிலிருந்தே அது நோராவுடையது அல்ல என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"அடக்க நிகழ்ச்சியில தலைமை உரை, நம்ம டான் நாஹும் ஸ்லுட்ஸ்கி!" என்றார் நோரா.

முதல் வரிசையில் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்த டான் நாஹும் எழுந்து, பின்பக்கம் திரும்பி, எங்களுக்குத் தலை வணங்கினார். கைதட்டினோம். அன்றைக்கு அந்தக் கைதட்டலில் கொஞ்சம் கூடுதல் வேகம் இருந்தது. அறிவிப்பைக் கேட்ட மாத்திரத்தில் எங்களில் பாதிப் பேருக்கு ஒரே எண்ணம் தோன்றிவிட்டதுதான் காரணம்.

‘டான்’ என்பது எங்கள் பக்கம் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல். டான் நாஹும் ஓன்ஸே பகுதியில் பொத்தான் மொத்த வியாபாரம் செய்தவர். எங்களில் பலர் அரைக்கால் சட்டையில் திரிந்த காலத்திலிருந்தே பள்ளிக் குழுவின் தலைவர். நூலகத்திலும் தண்ணீர்க் குழாயிலும் பிங்பாங் மேசையிலும் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. இதெல்லாம் போதாதென்று ஒரு புத்தகமும் எழுதினார். பெயர் ‘விடியல் முதல் நண்பகல் வரை: ஒரு சமூகத்தின் நெடும்பயணம்’. கெட்டி அட்டை, பளபளக்கும் தாள், அட்டையில் புடைத்த எழுத்தில் தலைப்பு. ஊருக்குள் அதற்கு ‘செங்கல்’ என்று பெயர். செங்கலை ஒரு கையால் தூக்கலாம், இதை முடியாது.

அந்தச் செங்கலை அவர் விற்கவில்லை. கொடுத்தார். பையனுக்குப் பதின்மூன்று வயதுச் சடங்கு என்றால் ஒரு பிரதி. பள்ளிப் படிப்பு முடிந்தால் ஒரு பிரதி. கல்யாணம் என்றால் பெண் வீட்டுக்கு ஒன்று, பிள்ளை வீட்டுக்கு ஒன்று, புதுக்குடித்தனத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் தன் கைப்பட ஒரு சமர்ப்பணம் எழுதி, வீடு தேடி வந்து, காபி குடித்துவிட்டுப் போவார்.

கொடுத்தது தப்பில்லை. முதல் பக்கத்தில்தான் வினை இருந்தது. அங்கே வேதத்தின் துதிப்பாடலான சங்கீதத்திலிருந்து ஒரு வரியைப் போட்டு, அதில் கடவுளின் நான்கெழுத்துப் பெயரை முழுசாக, பொன்னிற மையில் அச்சடித்திருந்தார். விவரம் தெரிந்தவர்கள் இதைச் செய்வதில்லை. ஓரெழுத்தை மாற்றிவிடுவார்கள், அல்லது சுருக்கிவிடுவார்கள். அச்சகத்துக்காரர் கேட்டிருக்கிறார்: "டான் நாஹும், முழுசா போட்டுட்டா அப்புறம் இத யாராலயும் தூக்கிப் போட முடியாதே?"

"யாரு தூக்கிப் போடப் போறா?" என்றாராம் இவர்.

அன்றிலிருந்து அந்தப் புத்தகத்துக்குச் சாவு இல்லாமல் போயிற்று. பழைய பேப்பர்காரருக்குப் போட முடியாது. ஆடும் மேசைக்கு முட்டுக் கொடுக்க முடியாது. ஒரு குடும்பம் அப்படி முட்டுக் கொடுத்தது, எங்கள் மதகுருவான ராபி சாப்பிட வந்த அன்று பதறி உருவியதில் சூப் கொட்டியது. வேறு யாருக்கும் அன்பளிப்பாகத் தள்ளிவிடவும் முடியாது, அவர்களிடமும் இருக்கும். வீடு மாறினோம், விவாகரத்து வாங்கினோம், கடை மூடினோம், நாடு விட்டுப் போகக்கூட மூட்டை கட்டினோம். செங்கல் கூடவே வந்தது. விவாகரத்தில் அவரவர் பிரதியை மற்றவர் தலையில் கட்டப் பார்த்து வக்கீல்வரை போன கதையும் உண்டு.

இப்போது பள்ளியே பெட்டி வைத்து, கொண்டுவந்து போடுங்கள், நாங்கள் புதைத்துவிடுகிறோம் என்கிறது.

காவலாளி நிற்கும் இரட்டைக் கதவைத் தாண்டியதும், நடைபாதையில் அட்டைப்பெட்டிகளை வைத்தார்கள் பிள்ளைகள். பெட்டிகள் என்றைக்கும் இல்லாத வேகத்தில் நிரம்பின. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் சீக்கிரமே வந்து, இப்படியும் அப்படியும் பார்த்து, பையைக் கவிழ்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்கள் மக்கள். நோரா பெட்டிகளைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்: ‘நன்றி, குடும்பங்களே! புத்தகத்தின் மக்கள் என்று நம்மைச் சும்மாவா சொன்னார்கள்!’ கீழே இருபது இதயப் படங்கள். அதில் ஒன்று டான் நாஹும் போட்டது.

புதன்கிழமை ஓவிய அறையில் பெட்டிகளைத் திறந்தார்கள். சில்வினாவும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பள்ளிக்குள் நடப்பது எதுவும் சுவருக்குள் நிற்காது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வீடு நடித்துக் காட்டப்பட்டதால் எனக்கும் தெரியும்.

முதல் பெட்டியின் மேல்பகுதியில் ஜெபப் புத்தகங்கள், சந்தைக்காரர் நல்ல தக்காளியை மேலே அடுக்குவது மாதிரி. அடியில் கைவிட்டாள் மாலேனா ஹபிஃப். வகுப்பிலேயே வாய்த்துடுக்கான பெண்.

"மோரா, ஒரு செங்கல்."

பிள்ளைகள் ஆசிரியையை மோரா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அது புத்தகம். மரியாதையா சொல்லு."

"சரி மோரா. இன்னொரு புத்தகம். இதோ இன்னொண்ணு. மோரா, எல்லாம் அதே புத்தகம்."

இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. மூன்றாவது பெட்டியில் மேலே தக்காளி வைக்கும் நாகரிகம்கூட இல்லை. பாதிக்குமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், சமர்ப்பணம் எழுதிய அட்டை மட்டும் உள்ளே செருகப்பட்டிருந்தது. கோமாளிப் பயல் டோபியாஸ் கிராவெட்ஸ் ஒன்றை எடுத்து, டான் நாஹும் மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான்.

"‘தலைமுறைகளைத் தாங்கும் தூண்களாகிய கிராவெட்ஸ் குடும்பத்தாருக்கு...’ ஐயோ, எங்க வீடு! மோரா, எங்கம்மா தூணாம்!"

சிரிப்பு. அடுத்ததை எடுத்தான். "‘தலைமுறைகளைத் தாங்கும் தூண்களாகிய டெய்டெல்பாம் குடும்பத்தாருக்கு...’ இவங்களும் தூணா? ‘தூண்களாகிய லெவிட்டான்...’ மோரா, ஊரே தூணா இருக்கு, கூரை எங்க?"

பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். சில்வினாவும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். மாலேனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியில் விரித்திருந்த பிரதியில் ஹபிஃப் என்று இருந்தது.

"எங்கப்பா பழைய ஜெபப் புத்தகம் மட்டும்தான் போட்டேன்னு சொன்னாரு."

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் கிடைத்தது. பிறகு ஒருத்தி நோராவின் பிரதியைக் கண்டெடுத்தாள். இன்னொருத்தன் ராபியுடையதை. கடைசியில் டோபியாஸ் ஒன்றை எடுத்து, வாயைத் திறந்து, படிக்காமலே மூடிக்கொண்டு, சில்வினாவிடம் நீட்டினான். ‘தலைமுறைகளைச் செதுக்கும் சிற்பி, மோரா சில்வினாவுக்கு.’ உறை பிரிக்கப்படவில்லை.

"இது... எப்படி வந்துச்சுன்னு தெரியல," என்றாள் சில்வினா.

எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. வாரம் முழுக்க உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் எடுத்தவள் அவள்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் கூடிப் பேசிக்கொண்டு இதைச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பிரதி மட்டும்தான், அத்தனை பெட்டியில் இது ஒன்று கிடந்தால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தோம். ஊரே அதையே நினைக்கும் என்று நினைக்கவில்லை. எங்களுக்கு எங்களைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

"மோரா," என்றாள் மாலேனா, "ஞாயித்துக்கிழமை டான் நாஹும் வருவாரே."

அந்த நிமிடத்திலிருந்து சில்வினாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அந்த மனிதர் இதைப் பார்த்துவிடக் கூடாது. அவர் மனைவி பெர்ட்டா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. புத்தகம் முழுவதையும் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள். அதற்கப்புறம் அவருக்கென்று மிஞ்சியது வெள்ளிக்கிழமை முதல் வரிசையும் இந்தப் புத்தகமும்தான்.

தலைமையாசிரியை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நோரா, சில்வினா, இளவயது ராபி இலான்.

"வந்தவங்களுக்கே திருப்பிக் கொடுத்துடலாம்," என்றார் நோரா.

"இங்கயிருந்தே ஆரம்பிக்கலாமா?" சில்வினா மூன்று பிரதிகளை மேசையில் வைத்தாள். "இது உங்களுது. இது என்னுது. ராபி, இது உங்களுது."

"நான் போடலையே!"

"உங்க மனைவி போட்டாங்க. கையில கொஞ்சம் மாவுகூட ஒட்டியிருந்துதாம், பசங்க பார்த்திருக்காங்க."

"ஆமா, அவளாத்தான் இருக்கும்," என்றார் ராபி, அவளிடம் போடச் சொன்னவரின் நிம்மதியோடு. பிறகு தாடியைத் தடவினார். "சட்டப்படி பார்த்தா, பேர் இருக்கற அந்த முதல் தாளை மட்டும் எடுத்துப் புதைச்சாப் போதும். மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுடலாம்."

நோராவின் முகம் மலர்ந்தது. "அப்ப கிழிச்சிடலாமே!"

"தாராளமா," என்று புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார் ராபி.

நோரா கையை மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வழி, அவரையே வரவிடாமல் செய்வது. நோரா தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து அழைத்தார்.

"டான் நாஹும், ஞாயித்துக்கிழமை வெயில் கொளுத்தப் போகுதாம். உங்க உடம்புக்கு..."

"தொப்பி இருக்கு."

"பஸ்ல தூரம் வேற. குலுங்கும்."

"நோரா, பெர்ட்டாவைப் பாக்க மாசாமாசம் அதே வழியில தனியாத்தான் போறேன். இந்தத் தடவையாவது கூட ஆள் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பெட்டியெல்லாம் ரொம்பிடுச்சாமே?"

"ரொம்பிடுச்சு."

"பாத்தியா! படிக்கிற ஜனம், நோரா! தேயத் தேயப் படிக்கிற ஜனம்! நான் புத்தகத்துலயே எழுதியிருக்கேன், நாலாவது அத்தியாயத்துல. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன," என்றார் நோரா.

வழி கண்டுபிடித்தது மாலேனாதான். மறுநாள் காலை, கையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "செத்தவங்களுக்கு வெள்ளைத்துணி சுத்தறோம்ல. இதுங்களுக்கும் சுத்திடலாம். சுத்திட்டா யாரு எவருன்னு தெரியாது."

நோராவுக்குச் சொன்னபோது அவர் கண்கள் விரிந்தன. "அற்புதம்! சடங்கின் கண்ணியம்!" உடனே இன்னோர் அறிவிப்பு பறந்தது. வீடுகளிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வந்து குவிந்தன. அவ்வளவு தாராளத்தை எங்கள் சமூகத்தில் நான் பார்த்ததில்லை. ஒருவர் பிரிக்காத புது விரிப்பையே கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் கிழித்தார்கள், சுற்றினார்கள், முடிச்சுப் போட்டார்கள். முடித்ததும் டோபியாஸ் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான்.

"மோரா, எல்லாப் பொணமும் ஒரே அளவா இருக்கு."

"நடுநடுவே ஜெபப் புத்தகத்தை வச்சு அடுக்கு. தூரத்துல இருந்து பாத்தாத் தெரியாது. அவர் தூரத்துலதான் நிப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் குழி தயாராக இருந்தது. மூட்டைகள் இரண்டு தள்ளுவண்டிகளில். ஏற்பாடு இதுதான்: டான் நாஹும் தூரத்தில் நிழலில் நின்று பேசுவார், தள்ளுவண்டியைக் குழிவரை தள்ளிப் பிள்ளைகள் சரித்துவிடுவார்கள், ராபி ஒரு சங்கீதம் சொல்வார், எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம்.

டான் நாஹும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேச்சைத் தாளைப் பார்க்காமலே பேசினார்.

"அன்பர்களே! இதோ கிடக்கும் இந்த வெண்ணிற மூட்டைகளைப் பாருங்கள். இவை என்ன? ஒரு சமூகத்தின் தேய்ந்த கண்கள்! இரவும் பகலும் புரட்டிப் புரட்டி நைந்த பக்கங்கள்! உலகில் எந்த இனம் தன் புத்தகங்களுக்குக் கோடித்துணி போர்த்துகிறது? நீங்கள் போர்த்தினீர்கள்! என் வாழ்நாளில் உங்களை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை!"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு அவர் குரலை இன்னும் உயர்த்தினார். எனக்குப் பக்கத்தில் மாலேனாவின் அப்பா தன் காலணியை, அன்றுதான் வாங்கியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை.

"நம்ம பள்ளிக்கூடம் கட்டின நாள்ல," என்றார், குரலை இறக்கி, சாதாரணமாக, "கொத்தனாருக்குக் கொடுக்கக் காசு பத்தல. நாங்களே வரிசையா நின்னு, கைமாத்திக் கைமாத்தி, தெருவுலேர்ந்து செங்கலைக் கொண்டுபோய்ச் சேத்தோம். இன்னிக்கும் அப்படிச் செய்வோம். வண்டி எதுக்கு? நிக்கலாம் வாங்க வரிசையா. கடைசிக் கை என்னுது."

செங்கல் என்ற சொல்லைக் கேட்டதும் டோபியாஸ் உதட்டைக் கடித்தான். அவன் அம்மா, அந்தத் தூண், அவன் பிடரியில் ஒன்று வைத்தாள்.

அவர் கோட்டைக் கழற்றி ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டு, குழியின் விளிம்பில் போய் நின்றுகொண்டார். நோரா வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. சில்வினா ஓடிப்போய் டான் நாஹுமுக்குப் பக்கத்துக் கையாக நின்றாள். அவளுக்கு அடுத்து மாலேனா. அப்புறம் நாங்கள் எல்லோரும், வண்டிவரைக்கும்.

முதலில் வந்தவை சின்ன மூட்டைகள். சில்வினா வாங்கிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றையும் முத்தமிட்டு, குனிந்து, குழிக்குள் நின்ற ஆளிடம் நீட்டினார். பிறகு கனமான ஒன்று வந்தது. எங்கள் கை ஒவ்வொன்றும் அதை ஒரே மாதிரி அவசரமாகத் தள்ளிவிட்டது. சில்வினாவிடம் வந்து நின்றது. அவள் அதை அப்படியே குனிந்து தானே குழிக்குள் கொடுக்கப் பார்த்தாள்.

"இங்க குடும்மா," என்று கை நீட்டினார்.

கொடுத்தாள்.

ஒரு பொருளை வீடு வீடாகத் தன் கையாலேயே சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அதன் எடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அதை முத்தமிடத் தூக்கினார். பாதியில் நின்றார். துணிக்கு மேலே கட்டைவிரலை ஓட்டினார், அட்டையில் எழுத்துப் புடைத்திருக்கும் இடத்தில். விரல் இடமிருந்து வலமாக, கடைசி எழுத்துவரை போயிற்று. பிறகு முத்தமிட்டார். குனிந்து கீழே கொடுத்தார். நிமிர்ந்து, அடுத்ததற்குக் கை நீட்டினார்.

அடுத்ததும் அதுதான்.

வரிசையை நிறுத்தவும் வழியில்லை. ஒருவன் நீட்டிவிட்டால் அடுத்தவன் வாங்கித்தான் ஆக வேண்டும். பெயர் அச்சான புத்தகம் கைதவறிக் கீழே விழுந்தால் அது வேறு பாவம். வண்டிப் பக்கம் நின்ற ராபி, என்ன நடக்கிறது என்று தெரியாமல் உற்சாகமாக எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் நாங்கள் எங்கள் புத்தகங்களை அவருக்கே திருப்பிக் கொடுத்தோம், ஒவ்வொன்றாக, வெயிலில், இரண்டு கையாலும். ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் குழியோரத்தில் பேசியதெல்லாம் வரிசை முழுக்கக் கேட்டது.

"இன்னும் நிறைய இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றாள் சில்வினா.

"சரி. குடு."

மாலேனாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்டுதும் இருக்கு, டான் நாஹும்."

"உங்க வீட்டுக்கு ரெண்டு குடுத்தேனே. அக்கா கல்யாணத்துக்கு ஒண்ணு."

"அதுவும் இருக்கு."

அவர் தலையாட்டினார். கையிலிருந்ததை முத்தமிட்டுக் கீழே கொடுத்தார். "கனம் இல்ல?" என்றார் அவளிடம், சமாதானப்படுத்துகிற மாதிரி. "அச்சகத்துக்காரன் அப்பவே சொன்னான், மெலிசுத் தாள் போடலாம்னு. நான்தான் கேக்கல."

ஒன்றைக்கூட முத்தமிடாமல் அவர் விடவில்லை. விட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மண் தள்ளும் நேரம் வந்தது. எங்கள் வழக்கப்படி மண்வெட்டியைக் கையிலிருந்து கைக்கு மாற்றக் கூடாது. ஒருவர் தள்ளிவிட்டு மண்ணில் குத்தி நிறுத்த வேண்டும், அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் முதல் மண்ணைத் தள்ளினார், குத்தி நிறுத்தினார், விலகினார். யாரும் போய் எடுக்கவில்லை. மண்வெட்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. கடைசியில் மாலேனா போனாள்.

திரும்பும்போது அவர் வாசல் பக்கம் வரவில்லை. கோட்டை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பஸ்ல போங்க. நான் பெர்ட்டாவைப் பாத்துட்டு டாக்சியில வந்துக்கறேன்."

"நானும் கூட வரட்டுமா, டான் நாஹும்?" என்றாள் சில்வினா.

"வேண்டாம்மா. அவகிட்ட நான் தனியாச் சொல்லிக்கறேன்."

கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது கை கழுவ வேண்டும். வாசல் குழாயில் சோப்புக் கிடையாது. சோப்பில்லாத குழாயில் மனிதர்கள் அவ்வளவு நேரம் கை கழுவி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் யாரோ கொண்டுவந்த, கைமாற்றிக் குடிக்கும் மத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கையில் இருந்தபடியே ஆறிப்போயிற்று. அதை வாங்கி உறிஞ்ச யாரும் கை நீட்டவில்லை.

அந்த வாரம் நோரா அனுப்பிய செய்தி: ‘ஏழாம் வகுப்பின் திட்டம் முடிந்தது.’ அவர் எழுதியவற்றிலேயே ஆகச் சிறியது, ஆகச் சிறந்ததும்கூட. வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். மெழுகுவர்த்தி ஏற்றும்போது பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். நாங்கள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கேட்பது? ‘உங்கள் புத்தகத்தை ஊரோடு சேர்ந்து புதைத்துவிட்டோம்’ என்று ஒரு மனிதரின் வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியுமா? ராபியிடம் கேட்டோம். ராபி, தன் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் மனைவிதான் உருப்படியாக ஒன்று சொன்னார்: "படிச்சிட்டுப் போங்க. படிச்சேன், இந்த இடம் எனக்குப் பிடிச்சிருந்துதுன்னு சொல்லுங்க. எழுதினவருக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

இவ்வளவு எளிய விஷயம் எங்களுக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை. இப்போது தோன்றியபோது புத்தகம் இல்லை. ஊரில் ஒரு வீட்டிலும் இல்லை. பள்ளி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருந்தது, சாவி தொலைந்ததால். பூட்டை உடைத்து எடுத்தோம். அந்தப் பிரதி, காகித உறையில் மறைத்து, வீட்டுக்கு வீடு போயிற்று. ஜெபக்கூடத்தில் சிற்றுண்டி மேசையோரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டோம்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"போய்ச் சொன்னியா அவர்கிட்ட?"

"நீயும் படி. அப்புறம் பேசுவோம்."

படித்தவர்கள் யாரும் போகவில்லை. கடைசியாக அது சில்வினாவிடம் வந்தது. ஒரு நல்ல பத்தி கிடைத்தால் போதும், ஒரு நல்ல வரி கிடைத்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தாள். ஓய்வுநாள் முழுக்கப் படித்தாள். நன்றியுரையைப் படித்தாள், அடிக்குறிப்புகளைப் படித்தாள், பெயர் அகராதியைக்கூட விடவில்லை. நாலாவது அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தாள். திங்கட்கிழமை பள்ளி வாசலில் அவளைச் சூழ்ந்துகொண்டு நாங்கள் நின்றோம்.

புத்தகம் நன்றாக இல்லை.